எட்டு மைக், ஒரு லினக்ஸ் கணினி: கருவியை நாமே செய்வதா, வாங்குவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஐந்து பேர் சேர்ந்து சுற்றுவட்டாரத் தெருக்கூத்தையும் கோயில் மேளத்தையும் எட்டு மைக் வைத்து, லினக்ஸ் மட்டுமே உள்ள கணினியில் பதிவு செய்யப் போகிறீர்கள். சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் எட்டு வழி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் கருவி) ஒன்றைத் திறந்த வன்பொருளாக, அதாவது யாரும் பார்த்துச் செய்யக்கூடிய வடிவமைப்பாக, நீங்களே வடிவமைத்து ஊருக்குக் கொடுப்பதா, அல்லது லினக்ஸ் டிரைவருக்கு (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) ஒத்துழைக்கும் நிறுவனத்தின் கருவியை வாங்கி அவர்களுக்குத் தோள் கொடுப்பதா என்று கேட்கிறீர்கள். எது மலிவு என்பது உங்கள் கேள்வி அல்ல. நிறுவனம் நாளை கைவிட்டாலும் கருவி நம் கையில் ஓடுமா என்பதுதான் உங்கள் கவலை. அந்தக் கவலைக்குத்தான் இந்தப் பதில்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி இன்டர்ஃபேஸை வாங்குங்கள். அதற்கு முன்னால் நிற்கும் மைக் ப்ரீஆம்ப்பை, அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதியை, நீங்களே செய்து, அந்த வடிவமைப்பைத் திறந்துவிடுங்கள். இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், பூட்டு எங்கே தொங்குகிறது என்பதுதான். ஒலிக்கருவியில் நம்மைக் கட்டிப்போடுவது சர்க்யூட் படம் அல்ல. கணினியிலிருந்து கருவிக்கு என்ன கட்டளை போக வேண்டும் என்ற விவரமும், கருவிக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேரும்தான். அந்த இடத்தில் ஒரு பொதுத் தரம் இருந்துவிட்டால் யாருடைய தயவும் நமக்குத் தேவையில்லை.

அந்தத் தரம் ஏற்கெனவே இருக்கிறது. யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்று பெயர். முதல் பதிப்பு 1998, இரண்டாம் பதிப்பு 2006. இதைப் பின்பற்றும் கருவியைக் கிளாஸ் கம்ப்ளையன்ட் என்பார்கள். லினக்ஸின் மையநிரலான கெர்னலில் ஒலிக்கான பகுதிக்கு அல்சா என்று பெயர்; அதன் யூஎஸ்பி ஆடியோ டிரைவர் ஒன்றே இவற்றில் பெரும்பாலானவற்றை ஓட்டிவிடும். விண்டோஸில் இரண்டாம் பதிப்புக்கான சொந்த டிரைவர் 2017இல்தான் வந்தது. அதனால்தான் பல பெட்டிகளின் மேல் ‘டிரைவர் நிறுவ வேண்டும்’ என்று இன்னும் அச்சடித்திருக்கிறது. அது விண்டோஸ்காரர்களுக்கான வரி. அதே பெட்டி கிளாஸ் கம்ப்ளையன்டாக இருந்தால் லினக்ஸில் செருகியவுடன் பாடும்.

சரி, நாமே செய்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 சேனல், 24 பிட், நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்றால் ஒரு மில்லிசெகண்டுக்கு 8 × 3 × 48 = 1,152 பைட். யூஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடில், அதாவது 12 மெகாபிட்டில், ஒலிக்கான ஒரு பாக்கெட் மில்லிசெகண்டுக்கு 1,023 பைட்டைத் தாண்ட முடியாது. ஆகவே விலை குறைந்த மைக்ரோகண்ட்ரோலரின் ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பியில் எட்டு சேனல் ஏறாது. 480 மெகாபிட் ஹை ஸ்பீடுக்குப் போயாக வேண்டும். அதற்குப் பலரும் எடுக்கும் பாதைகள் இரண்டு: யூஎஸ்பி ஒலிக்குப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்மாஸ் சிப், அல்லது உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ சிப்பும், யூஎஸ்பி கம்பியோடு பேசும் தனி ஃபை சிப்பும். எஃப்பிஜிஏ வழியில் முழுக்கத் திறந்த வடிவமைப்புகள் இருக்கின்றன, கற்றுக்கொள்ள அருமையானவை. ஆனால் ஹை ஸ்பீடு யூஎஸ்பி இணைக்கம்பி இரண்டையும் 90 ஓம் இம்பிடன்ஸுக்கு இழுக்க வேண்டும், பலகை நான்கு அடுக்காவது இருக்க வேண்டும், கால் தெரியாத சிப்புகளைச் சூடான காற்றில் ஒட்ட வேண்டும். இதெல்லாம் சரியாக வந்த பிறகுதான் ஒலி என்ற பேச்சே தொடங்கும்.

அடுத்தது மின்சாரம். ஒரு மைக்குக்குப் பேண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) 48 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். எட்டு மைக்குக்கு 80 மில்லிஆம்பியர், அதாவது 3.84 வாட். யூஎஸ்பி 2 போர்ட் மொத்தமாகத் தருவதே 2.5 வாட்தான். தனி சப்ளை வைத்தே ஆக வேண்டும். 48, ±15, 5, 3.3 என்று ஐந்து மின்னழுத்தங்களையும், சிப்புக்குள் போகும் ஒரு வோல்ட் அளவு சப்ளையையும், எதன் ஸ்விட்சிங் இரைச்சலும் மைக் பக்கம் கசியாமல் ஒரே பெட்டிக்குள் அடக்க வேண்டும். சொந்தமாக இன்டர்ஃபேஸ் செய்கிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இந்தச் சப்ளைதான், டிஜிட்டல் பகுதி அல்ல.

இவ்வளவையும் தாண்டினாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் பலகை திறந்தது. அதன் மேல் உட்காரும் ஏடிசி சிப், அதாவது ஒலியை எண்களாக மாற்றும் சிப், மூடியது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் இருந்த ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை எரிந்தபோது உலகம் முழுக்க ஏடிசி சிப்புகளுக்கும், எண்களைத் திரும்ப ஒலியாக்கும் டிஏசி சிப்புகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. பெரிய நிறுவனங்களே வேறு சிப்புக்கு மாறிப் பலகையை மறுபடி வரைந்தார்கள். ஐந்து பேர் குழு அப்படி ஒரு முறை மறுபடி வரைவதற்குள் ஓர் ஆண்டு ஓடிவிடும். மேலே சொன்ன எண்கள் எல்லாம் கணக்கு, அதில் ஐயமில்லை. இந்த ஓர் ஆண்டு மட்டும் என் மதிப்பீடு. உங்களில் ஒருவர் பிசிபி (சர்க்யூட் பலகை) வடிவமைப்பையே வேலையாகச் செய்பவராக இருந்தால் குறையலாம்.

எனவே வாங்குவதற்கு வருகிறேன். நீங்கள் புதுச்சேரியில் பார்த்தாலும் சென்னை ரிச்சி தெரு வரை போனாலும், கடைக்காரரிடம் ‘லினக்ஸில் ஓடுமா’ என்று கேட்காதீர்கள். ‘தெரியாது’ என்பார், அல்லது விற்றால் போதும் என்று ‘ஓடும்’ என்பார். ‘டிரைவர் எதுவும் போடாமல் ஐபேடில் ஓடுமா’ என்று கேளுங்கள். அதற்கு அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். ஓடும் என்றால் அது பெரும்பாலும் கிளாஸ் கம்ப்ளையன்ட். சில கருவிகளில் அதற்கென்று தனி முறை இருக்கும்: ஆர்எம்இ பேபிஃபேஸ் ப்ரோ போன்றவற்றில் சிசி மோடு என்பார்கள், அதில் வைத்தால்தான் லினக்ஸ் அடையாளம் காணும்.

பிறகு மடிக்கணினியையும், டெபியன் அல்லது உபுண்டு லைவ் பென்டிரைவையும் கையோடு கொண்டுபோங்கள். கருவியைச் செருகி, டெர்மினலில் ‘ஏரெக்கார்ட்’ கட்டளையோடு ஒரு கோடும் சிறிய ‘எல்’லும் சேர்த்து (arecord -l) அடித்தால் கார்டின் பெயரும் எண்ணும் வரும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘ஏசவுண்ட்’, அதற்குள் அந்தக் கார்டின் அடைவு, அதற்குள் ‘ஸ்ட்ரீம்0’ கோப்பை (கார்டு 1 என்றால் /proc/asound/card1/stream0) திறந்து பாருங்கள். கேப்சர் என்ற தலைப்பின் கீழே ‘சேனல்ஸ்’ என்ற வரியில் 8 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எண்ட்பாயிண்ட் வரியில் ‘ஏசிங்க்’ என்று இருந்தால் கருவி தன் சொந்தக் கிளாக்கில் (சாம்பிள் எடுக்கும் வேகத்தை நிர்ணயிக்கும் கடிகாரம்) ஓடுகிறது என்று பொருள். பதிவுக்கு அதுதான் நல்லது. ‘ரேட்ஸ்’ வரியில் 48000 இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் 18 உள்ளீடு என்று போட்டிருந்தும் இந்தக் கோப்பில் 2 மட்டும் தெரிந்தால் வாங்காதீர்கள். இந்தக் கோப்பு கருவி தன்னைப் பற்றிக் கணினியிடம் சொன்னது. பெட்டி விளம்பரத்துறை சொன்னது. அதன்பின் எட்டு சேனலையும் பத்து நிமிடம் பதிவு செய்து, எக்ஸ்ரன் (கணினி தாமதித்து ஒலித்துண்டு தவறுவது) வருகிறதா என்று கவனியுங்கள்.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு), பேண்டம் பவர், ஹெட்ஃபோன் அளவு மூன்றும் கையால் திருகும் குமிழாகவோ அழுத்தும் பொத்தானாகவோ முகப்பிலேயே இருக்கின்றனவா? இருந்தால் அந்த மூன்றுக்கும் உங்களுக்குச் சாஃப்ட்வேர் வேண்டாம், பத்து ஆண்டு கழித்தும் வேண்டாம். கெயினை மவுஸால் மட்டும் மாற்றும் கருவி எவ்வளவு தரமானதாக இருந்தாலும், அந்த நிறுவனத்தின் நிரல் இல்லாத நாளில் வெறும் இரும்புப்பெட்டி. பெரிங்கர் யூஎம்சி1820, ஃபோகஸ்ரைட் 18ஐ20 மூன்றாம் தலைமுறை இரண்டிலும் எட்டு ப்ரீஆம்ப்பும் முகப்பிலேயே கெயின் குமிழ்களும் உண்டு.

ஃபோகஸ்ரைட்டில் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். உள் மிக்சரையும், எந்த ஒலி எங்கே போகிறது என்ற ரூட்டிங்கையும் லினக்ஸிலிருந்து ஆளும் டிரைவர் பகுதியை எழுதிப் பராமரித்து வருபவர் ஜெஃப்ரி பென்னட். இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு கெர்னல் 5.4இல் வந்தது, மூன்றாம் தலைமுறைக்கு 5.14இல். ஆனால் 6.7க்கு முந்தைய கெர்னலில் அது தானாக இயங்காது. டிரைவருக்கு ‘டிவைஸ் செட்டப்’ மதிப்பை 1 என்று கொடுக்க வேண்டும். டெபியன் 12இன் கெர்னல் 6.1, அங்கே கொடுத்தே ஆக வேண்டும். டெபியன் 13, உபுண்டு 24.04 இரண்டிலும் வேண்டாம். இன்னொரு பொறி: மூன்றாம் தலைமுறைக் கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போது பென்டிரைவ் போல நடிக்கும் எம்எஸ்டி முறையில் இருக்கலாம், அப்போது எல்லா வசதியும் தெரியாது. 48 வோல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கருவியை ஆன் செய்தால் அந்த முறை விலகும். ‘லினக்ஸில் ஓடவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படும் கருவிகளில் சில வெறும் எம்எஸ்டி முறையில் இருப்பவைதான்.

‘ஒத்துழைக்கும் நிறுவனம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும். தரத்தைப் பின்பற்றுவது ஒரு வகை; அதில் நிறுவனத்துக்கு நம் மேல் அன்பு இருக்கத் தேவையே இல்லை, எனவே அது போய்விடும் என்ற பயமும் இல்லை. ஆவணமோ மூலநிரலோ கொடுத்து, டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர வழிசெய்வது இரண்டாம் வகை. எக்கோ ஆடியோ, ஆர்எம்இ கார்டுகளின் அல்சா டிரைவர்கள் அப்படி வந்தவை. கெர்னலுக்குள் சேர்ந்த டிரைவர் நிறுவனம் மறைந்தாலும் நிற்கும். மூன்றாவதாக, ‘லினக்ஸ் ஆதரவு உண்டு’ என்று சொல்லி மூடிய டிரைவர் கோப்பு ஒன்றைத் தருவார்கள். அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அது விழும், திருத்த யாராலும் முடியாது. இதை ஆதரவு என்றே நான் கணக்கில் எடுப்பதில்லை.

வாங்கியபின் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பில்லின் நகலை இணையுங்கள், ‘லினக்ஸுக்காகவே உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்தோம்’ என்பதை முதல் வரியில் சொல்லுங்கள். ‘லினக்ஸ் டிரைவர் எழுதித் தாருங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவர்களுக்குச் செலவு, பதில் வராது. கட்டுப்பாட்டுக் கட்டளைகளின் ஆவணத்தையும், ஃபர்ம்வேர் கோப்பை மற்றவர்கள் பகிர அனுமதியையும், விண்டோஸ் இல்லாமல் லினக்ஸின் எஃப்டபிள்யூஅப்டி என்ற நிரல் வழியாக ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் வழியையும் கேளுங்கள். மூன்றும் அவர்களுக்குச் சிறு வேலை, நமக்குப் பெரிய விடுதலை. பணம் கொஞ்சம் மிஞ்சினால் டிரைவரைப் பராமரிப்பவருக்கு நேரடியாக அனுப்புங்கள். நிறுவனத்துக்குப் போகும் ரூபாயைவிட அங்கே போகும் ரூபாய்க்கு வேலை அதிகம்.

பழைய சந்தையில் ஃபயர்வயர் (யூஎஸ்பி போன்ற பழைய இணைப்பு முறை) இன்டர்ஃபேஸ் பாதி விலைக்கும் கீழே வந்து கண்ணைப் பறிக்கும். எஃப்ஃபேடோ டிரைவரும் கெர்னல் டிரைவர்களும் அவற்றில் பலவற்றை இன்றும் நன்றாக ஓட்டுகின்றன. ஆனால் கெர்னலின் ஃபயர்வயர் பகுதியைப் பராமரிக்கும் திட்டமே 2029 வரைதான். புதிதாகத் தொடங்கும் குழு அதில் காலை வைக்க வேண்டாம்.

இனி உங்கள் கை வேலைக்கு. ப்ரீஆம்ப்பைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், அதிலிருந்து வெளியே வருவது பேலன்ஸ்டு லைன் சிக்னல், அதாவது ஏற்கெனவே பெருக்கி, இரைச்சல் ஒட்டாதபடி இரு கம்பிகளில் அனுப்பும் சிக்னல். அதற்கு டிரைவர் கிடையாது, கெர்னல் பதிப்பு கிடையாது. இன்டர்ஃபேஸ் மாறினாலும் அதே பெட்டி அடுத்த இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் போய் அமரும். முதல் நாளில் வாங்கிய இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப்பிலேயே பதிவைத் தொடங்குங்கள், பிறகு இரண்டிரண்டு சேனலாக உங்களுடையதை முன்னே சேருங்கள்.

இரண்டு சேனல் பலகைக்கு ‘தட் 1510’ அல்லது ஐஎன்ஏ217 சிப் இரண்டு போதும். எந்தச் சிப்பானாலும் கெயின் = 1 + 10,000 ÷ ஆர்ஜி (கெயினை அமைக்கும் தடை, ஓமில்), எனவே 60 டெசிபலுக்கு ஆர்ஜி 10 ஓம். அந்தத் தடையோடு தொடராக ஒரு கெப்பாசிட்டர் வரும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கையில் இருக்கும் 470 மைக்ரோஃபாரடைப் போட்டால் முழுக் கெயினில் 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும். தவிலின் அடி இளைத்துக் கேட்கும். 3,300 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பேண்டத்துக்கு ஒரு மைக்குக்கு இரண்டு 6.81 கிலோஓம் தடைகள். அவற்றின் மதிப்பு சற்று முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று 0.4 விழுக்காட்டுக்குள் பொருந்துவதுதான் முக்கியம். அதாவது 27 ஓமுக்குள். நூறு தடை வாங்கி மல்டிமீட்டரில் அளந்து ஜோடி சேருங்கள், விலை உயர்ந்த தடை தேவையில்லை. ஜோடி பொருந்தாவிட்டால் நீளமான கேபிளில் ஹம் (மின்சார ரீங்காரம்) ஏறும்.

பேண்டத்தைத் தடுக்கும் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் 63 வோல்ட்டுக்கானவையாக இருக்கட்டும். பேண்டம் ஆன் ஆக இருக்கும்போது கூத்து நடக்கும் இடத்தில் யாராவது கேபிளைப் பிடுங்கி மிக்சர் வெளியீட்டில் சொருகினால், அந்தக் கெப்பாசிட்டர் ஒரே நொடிப்பொழுதில் ப்ரீஆம்ப் சிப் வழியாகக் காலியாகும். பாதையில் 10 ஓம் தடை மட்டும் இருந்தால் உச்சத்தில் 4.8 ஆம்பியர் வரை பாயலாம். சின்னக் கண்ணாடி டயோட் 1என்4148 இதைத் தாங்காது. சப்ளைக் கம்பிகளுக்குப் போகும் பாதுகாப்பு டயோடாக 1என்4004 போடுங்கள். செய்து முடித்ததும் மைக் கனெக்டரான எக்ஸ்எல்ஆரின் 2, 3ஆம் பின்களுக்கு நடுவே 150 ஓம் தடை ஒன்றை வைத்து இரைச்சலை அளங்கள். அந்தத் தடையின் சொந்த இரைச்சலே ஏறத்தாழ −131 டிபியு (சிக்னல் அளவைச் சொல்லும் டெசிபல் அலகு). முழுக் கெயினில் உள்ளீட்டுக்கு மாற்றிக் கணக்கிட்டு −125க்குக் கீழே வந்தாலே உங்கள் பலகை வேலைக்கு ஆகிவிட்டது.

நம் கரைக்கு மட்டும் ஒரு வார்த்தை. தேவனாம்பட்டினத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. பலகை செய்யக் கொடுக்கும்போது எனிக் என்ற தங்கப்பூச்சு முடிப்பைக் கேளுங்கள். ஃபிளக்ஸை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, காய்ந்தபின் அக்ரிலிக் பூச்சு அடியுங்கள். கழுவாமல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, 48 வோல்ட் பக்கத்தில் மின்கசிவு வந்து மழைக்காலத்தில் மட்டும் ‘சட சட’ என்ற சத்தம் கேட்கும். கனெக்டர், குமிழ் இரண்டின் மேலும் பூச்சு படக்கூடாது.

வடிவமைப்பை வெளியிடும்போது சர்க்யூட் படத்தின் பிடிஎஃப் மட்டும் போட்டால் அது திறந்த வன்பொருள் ஆகாது. பலகை வரையும் நிரலான கிகேட்டின் மூலக்கோப்பு, பாகங்களின் பட்டியல், அளந்த எண்கள் மூன்றும் வேண்டும். உரிமத்துக்கு, திறந்த வன்பொருளுக்கான செர்ன் ஓஎச்எல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் (2020இல் வந்தது) எஸ் வகையைப் பரிந்துரைப்பேன். மாற்றிச் செய்து விற்பவரும் தன் மாற்றத்தைத் திறக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உங்கள் ஆசைக்கு அதுவே பொருந்தும். எப்போதாவது யூஎஸ்பி பலகையையும் செய்தே தீருவது என்று முடிவெடுத்தால், கருவி செய்தவரைக் கணினிக்கு அடையாளம் காட்டும் அதிகாரபூர்வ யூஎஸ்பி வெண்டர் எண்ணுக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டாம். திறந்த வடிவமைப்புகளுக்கு 1209 என்ற வெண்டர் எண்ணின் கீழ் இலவசமாக எண் கிடைக்கிறது.

எட்டு போதாமல் பதினாறு வேண்டும் என்றால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அடாட் ஆப்டிகல் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸாக வாங்கிவிடுங்கள். பிற்பாடு எட்டு ப்ரீஆம்ப் உள்ள அடாட் பெட்டி ஒன்றை ஒரே ஒளியிழையில் சேர்க்கலாம், 48,000இல் எட்டு சேனலும் வரும், அதற்கும் டிரைவர் வேண்டாம். கிளாக்கை மட்டும் ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள்: பெட்டி மாஸ்டர் என்றால் இன்டர்ஃபேஸ் அடாட்டைப் பின்பற்ற வேண்டும். இரண்டும் தன் போக்கில் ஓடினால் ஒரு சில நொடிக்கொரு முறையோ, நொடிக்கு இரண்டு மூன்று முறையோ ‘டிக்’ என்று விழும்.

இரவு முழுக்க நடக்கும் கூத்துக்கு வட்டு எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு: எட்டு சேனல், 24 பிட், 48,000 என்றால் மணிக்கு 4.15 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 33 ஜிபி. எட்டு சேனலையும் ஒரே வேவ் கோப்பில் எழுதாதீர்கள். 62 நிமிடத்தில் 4 ஜிபி எல்லையை முட்டி நின்றுவிடும். ஆர்டர் (Ardour) என்ற பதிவு நிரல் போல சேனலுக்கு ஒரு கோப்பாக எழுதும் நிரலைப் பயன்படுத்துங்கள், அல்லது இந்த எல்லை இல்லாத ஆர்எஃப்64 கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வெறும் பதிவுக்கு லேட்டன்சி (ஒலி வந்து சேரும் தாமதம்) முக்கியமில்லை என்பதால் பீரியட் (கணினி ஒரே தடவையில் எடுக்கும் சாம்பிள்கள்) 1024, பீரியட்களின் எண்ணிக்கை 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். இன்டர்ஃபேஸின் எர்த் பின்னை ஹம் வருகிறது என்று யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து சிக்னல் எடுப்பதாக இருந்தால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி ஒன்றை வையுங்கள், ஹம் அங்கேயே நிற்கும்.